தெசேரா வீட்டார்

அக்டோபர் 7, திங்கள்

மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டு மீன் வாங்காமல் திரும்பினேன்.

பெயர் சிலுவைப்பிச்சை. வலைக்கடையில் வேலை பார்த்தவன். ஐம்பது வயதிருக்கும். ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஐஸ் உடைக்கும் கொட்டகையில் கிடந்தான். போலீஸ் இன்னும் துணி போடவில்லை. கழுத்தின் இடப்பக்கம் ஒரே வெட்டு, ஆழமானது. ஆனால் அது கடைசி வெட்டு. அதற்கு முன் வலது கையில் மூன்று விரல்களை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். ஐஸ்தூளில் அவை தனித்தனியாகக் கிடந்தன. வாழ்நாளெல்லாம் குற்றச் செய்தி எழுதியவனுக்கு இதைப் படிக்கத் தெரியும். அவனிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அவன் சொல்லவில்லை.

சாளை மீன் விற்கும் அம்மாள் பார்த்திருக்கிறாள். "ரெண்டு பேரு அண்ணாச்சி. ஒருத்தன் சின்னப் பொடியன். போகும்போது அவன் கையிலயும் ரத்தம். இவரு கடிச்சிருப்பாரு போலுக்கு."

நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. ஆனாலும் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

வீட்டில் என் மனைவி மர்சலின், "மீன் எங்க?" என்றாள். சொன்னேன். "அப்ப இன்னைக்கு முட்டைதான்," என்று உள்ளே போனாள்.

அக்டோபர் 9, புதன்

கித்தேரி என்ற பெண்மணி வந்தார். பேக்கரி நடத்துகிறார். ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்தார். மர்சலினுக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு நான் செய்கிற வேலை வம்சாவளி தேடுவது. எங்கள் கடற்கரையில் குடும்பப் பெயர் என்பது போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்தது. எழுதிய சாமியார்கள் ஒவ்வொருவரும் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். ஒரே பெயர் ஐந்து ஊரில் ஐந்து விதமாக இருக்கும். கொழும்பில் இருப்பவர்களும் கனடாவில் இருப்பவர்களும் தங்கள் வேர் எது என்று கேட்டு வருவார்கள். உள்ளூரில் கல்யாணப் பேச்சு வந்தால்தான் தேடுவார்கள். இரண்டு குடும்பங்களும் நெருங்கிய இரத்த உறவா என்று கோயிலில் கேட்பார்கள் அல்லவா, அதற்காக.

கித்தேரி கேட்ட பெயர் தெசேரா. என் அனுபவத்தில் இரண்டு முறைதான் அந்தப் பெயரைக் கண்டிருக்கிறேன்.

"மகனுக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு அண்ணாச்சி. தெசேரா வழின்னு சொல்லுதாவ. இப்ப அந்தக் குடும்பத்து ஆளுக எங்க எங்க இருக்காவ, யாரு யாருக்கு என்ன முறைன்னு தெரியணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்துரக் கூடாதுல்லா?"

"பொண்ணு வீட்டுலயே கேட்டா சொல்லிருவாவளே."

"கேட்டாச்சு. சரியா சொல்ல மாட்டேங்காவ."

மகன் ரோஷன் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. இருபது வயது. இடது கையில் கட்டு. நான் பார்ப்பதைக் கண்டு கித்தேரி, "ரொட்டி வெட்டுற மிஷினு," என்றார்.

வேலையை ஒப்புக்கொண்டேன். நல்ல பெயர். தேடத் தகுந்த பெயர்.

அக்டோபர் 14, திங்கள்

கோயில் அலுவலகத்தில் காலை முழுவதும். தூசியில் தும்மல். பழைய பதிவுகளில் அது தெய்சேரா. அடுத்து தேசேரா. ஒருவர் திசேரா என்றும் எழுதியிருக்கிறார். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன் பெயர் மூன்றையும் ஒப்பிட்டால் எல்லாம் ஒரே குடும்பம்தான். ஊர் புன்னைத்துறை. இங்கிருந்து தெற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

விசித்திரம் என்னவென்றால், இருபத்தோரு வருடத்துக்கு முன் அந்தப் பெயர் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன் பிறகு புன்னைத்துறையில் தெசேரா வீட்டில் பிறப்பு இல்லை, கல்யாணம் இல்லை, சாவு இல்லை. ஒரு குடும்பம் மெதுவாகத் தேயும். இப்படி நிற்காது.

அக்டோபர் 17, வியாழன்

புன்னைத்துறை. தெசேரா வீடு எது என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் தொபியாஸ் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.

"நீரு யாரு வே?"

சொன்னேன்.

"பேப்பர்காரரா. அப்ப வாரும்." கடையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போனார். கோயிலுக்கு மேற்கே நாலு சுவர், கூரை இல்லை. கல்லெல்லாம் கறுப்பு. உள்ளே எருக்கு முளைத்திருக்கிறது. "எரிச்சாச்சு. உள்ள ஆள வச்சே எரிச்சாச்சு."

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அருளப்பன் என்பவனின் இஞ்சின் வள்ளம் இருதயம் தெசேராவின் வலையில் ஏறி வலை கிழிந்தது. கரையில் பேச்சு வந்தது. அருளப்பன் எல்லார் முன்னும் இருதயத்தைச் செருப்பால் அடித்தான். மறுநாள் விடிகாலை வள்ளம் தள்ளப் போன அருளப்பனை இருதயம் மண்ணில் சாய்த்துத் தலையை எடுத்தான். தலையோடு தன் வள்ளத்தில் ஏறிப் போனான். மாசமாயிருந்த பெண்சாதியும் அதே வள்ளத்தில். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஊர் திரண்டு வந்து தெசேரா வீட்டுக் கதவை வெளியே கட்டித் தீ வைத்தது. உள்ளே இருதயத்தின் அண்ணன் இருந்தான். அவன் அந்தச் சண்டைக்கே வராதவன்.

"கத்துனானா?" என்று கேட்டேன். பழக்கம்.

"ரொம்ப நேரம்," என்றார் தொபியாஸ். கொஞ்சம் தள்ளி நின்று, "நானும் ஒரு ஓலைக்கத்தை போட்டேன் வே. எல்லாரும் போட்டோம்," என்றார்.

"இருதயம் எங்க போயிருப்பான்?"

"சோழகக் காத்து அடிச்ச நேரம். பாய் ஏத்துனா வடக்க தான். போலீசு தெக்க தேடுனான்."

"அருளப்பனுக்குப் பெண்சாதி உண்டா?"

"கித்தேரி. தூத்துக்குடியில பேக்கரி வச்சிருக்கா. அப்ப அவளும் மாசமாத்தான் இருந்தா."

பஸ்ஸில் திரும்பும்போது காற்று நன்றாக இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

பேக்கரிக்குப் போனேன். மாவு பிசையும் அறையில் வைத்துக் கேட்டேன். கித்தேரி மறைக்கவில்லை.

"கல்யாணம்னு சொன்னது பொய்தான். உண்மையச் சொன்னா தேடித் தந்திருப்பீரா?"

"தேடி என்ன செய்யப் போறிய?"

அவர் கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டார். "அண்ணாச்சி, நேர்ச்சைக்கு மெழுகுல கை, காலு, தலை செஞ்சு கோயில்ல வைப்பாவல்லா. தலையில்லாத ஒடம்ப எப்படி அடக்கம் பண்ணன்னு கேட்டப்ப, கோயில் உபதேசியாரு அதுல ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. அத வச்சுத் துணியச் சுத்தி எறக்குனாவ. அந்தத் தலைக்கு மூக்கு கூட சரியா இல்ல. எம் புருசன் இன்னைக்கும் மெழுகுத் தலையோட படுத்துக் கெடக்காரு. கடைசி நாள்ல எழும்பும்போது அவர நான் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்?"

"அவ்வளவுதானா?"

"தலை எங்கன்னு அவன் சொல்லணும். அவ்வளவுதான்."

"ரோஷனுக்கும் அவ்வளவுதானா?"

கித்தேரி அடுப்பைப் பார்த்தார். "அவன் எம் பிள்ளை. நான் சொன்னதக் கேப்பான்," என்றார்.

அக்டோபர் 19, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. இரத்தச் சர்க்கரை 214. சிலுவைப்பிச்சையின் அக்காள்தான் இருதயம் தெசேராவின் பெண்சாதி என்று தொபியாஸ் போனில் சொன்னார். இது ஒரு சின்னக் கடற்கரை. எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது முறைதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

மர்சலினிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல.

"விட்டுட்டு வேற சோலியப் பாருங்க," என்றாள். "பாதியில விட்டா ஒங்களுக்குச் சோறு எறங்காதோ?"

"அந்தத் தலை கிடைச்சா ஒரு பொம்பளைக்கு நிம்மதி."

"தலைக்காகவா போறிய? கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் போறிய. பேப்பர்ல இருக்கும்போதும் இப்படித்தான்."

சண்டை வேண்டாமென்று பஸ் நேரம் விசாரிக்கப் போனேன்.

அக்டோபர் 30, புதன்

பாம்பனைத் தாண்டி வடக்கே கரையோரப் பங்குக் கோயில்களில் விசாரித்துக்கொண்டே வருகிறேன். மழை. செருப்பு அறுந்து புதுச் செருப்பு வாங்கினேன். ஒரு பங்குச் சாமியார் தற்செயலாகச் சொன்னார்: மடத்துத்திட்டு என்ற குப்பத்தில் திசைராஜ் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். சொந்தப் பங்கிலிருந்து ஒரு தாளும் கொண்டுவரவில்லை. "நல்ல மனுஷன் சார். யாரோடயும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்ல."

தெய்சேரா, தெசேரா, திசேரா, திசைராஜ். பெயர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெயரை மட்டும் வைத்து ஓர் ஆளை முடிவு செய்ய முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ திசைராஜ்கள் இருக்கலாம்.

நவம்பர் 1, வெள்ளி

மடத்துத்திட்டு. கழிமுகத்தை ஒட்டி நாற்பது வீடுகள். வீடு கட்ட இடம் பார்க்க வந்தவன் என்று சொன்னேன். திசைராஜ் வீட்டில் அவர் இல்லை. பெண்சாதி மொனிக்கா படுக்கையில். மகள் பவுலின் வாசலுக்கு எதிரே கருவாட்டுக் களத்தில் வாளை மீன் கீறிக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். கத்தி மீனின் கழுத்தில் நுழைந்து வாலில் வெளிவர ஒரு மூச்சு நேரம்தான்.

"உங்க சொந்த ஊரு எதும்மா?"

"இதுதாங்க. எங்க அப்பா தஞ்சாவூர் பக்கம்னு சொல்லுவாங்க."

"தஞ்சாவூர்ல எங்க?"

"கேட்டதில்லைங்க. ஏன், நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளேயிருந்து மொனிக்கா, "யாரு மக்கா அது, உள்ள வரச் சொல்லுதியா இல்லியா?" என்றாள். தஞ்சாவூரில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். நான் உள்ளே போகவில்லை.

நவம்பர் 2, சனி. சகல ஆத்துமாக்கள் நாள்

கல்லறைத் தோட்டத்தில் மாலையில் எல்லாக் குழிகளிலும் மெழுகுதிரி. சாமியார் தீர்த்தச் செம்போடு குழி குழியாகப் போனார். ஒவ்வொன்றிலும் "யாரு?" என்று கேட்பார். வீட்டார் பெயரும் ஊரும் சொல்வார்கள். செபித்துத் தீர்த்தம் தெளிப்பார். பேரும் ஊரும் சரியாகச் சொன்னால்தான் செபம் அந்த ஆத்துமத்துக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் கரை முழுவதும் உள்ள நம்பிக்கை. உயிரோடு இருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம். செத்தவர்கள் பெயரை மாற்றினால் செபம் வழிதவறிப் போகும்.

தென்கிழக்கு மூலையில் ஒரு மேடு. கைக்குழந்தையின் குழியளவுதான் இருக்கும். மரச் சிலுவை, பெயர் எழுதவில்லை. அதன் பக்கத்தில் ஒல்லியான ஓர் ஆள் தோள்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். பவுலின்தான் அவனுக்குக் குடை பிடித்திருந்தாள்.

"யாரு?" என்றார் சாமியார்.

"அருளப்பன். புன்னைத்துறை."

வருடா வருடம் அதே பெயரைக் கேட்டிருப்பார் போல. சாமியார் செபித்துத் தெளித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் ஐந்து சாண் தூரத்தில் நின்றேன். இந்த வேலையில் சில நேரம் காதுக்குள் இரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அது கேட்டது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவனே என்னிடம் வந்தான். மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

"அங்கிட்டுள்ள ஆளா நீரு?"

"ஆமா."

"நேத்து வீட்டுக்கு வந்தது நீருதான. சிலுவைப்பிச்ச செத்துட்டான்னு தெரிஞ்சதுமே யாரோ வருவாவன்னு தெரியும். அடக்கத்துக்கு எம் பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போக முடியல. கூடப்பெறந்தவ." அவன் மேட்டைப் பார்த்தான். "கித்தேரியா அனுப்பினா?"

"தலை எங்கன்னு கேக்குறாவ."

அவன் காலால் மேட்டின் மணலை லேசாகத் தட்டினான். குழந்தையைத் தட்டுவதுபோல.

"கடல்ல போடத்தான் கொண்டு போனேன். கோடிக்கரை தாண்டிச் சாக்க அவுத்தேன். கண்ணு தொறந்து இருந்திச்சி. ரெண்டு கண்ணையும் கையால மூடிவிட்டேன். மூடுனதுக்கப்புறம் எப்படி வே வீச? நீரே சொல்லும். வள்ளத்துல இருந்த பானையில வச்சு, மீனுக்குன்னு வச்சிருந்த உப்பு அம்புட்டையும் போட்டு மூடிக் கொண்டாந்தேன். எம் பொஞ்சாதி அந்தப் பானைக்குப் பக்கத்துலயே உக்காந்து வந்தா."

"உங்க அண்ணன் வீட்டுக்குள்ள..."

"தெரியும்." அவன் மரச் சிலுவையை நேராக நிமிர்த்தி வைத்தான். "அவ வந்து எடுத்துட்டுப் போட்டும். என்னையும் என்ன செய்யணுமோ செய்யட்டும். ஆனா அவ பிள்ளையைக் கூட்டிட்டு வரவேண்டாம்னு சொல்லும். எம் மகளுக்கு ஒண்ணும் தெரியாது. அருளப்பன்னா என் கூட்டாளின்னு நெனச்சிக்கிட்டு இருக்கா."

நவம்பர் 5, செவ்வாய்

வீடு. இரண்டு நாளாக யோசித்துவிட்டு இன்று கித்தேரியிடம் சொன்னேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. நானே கூட்டிப் போவேன், ரோஷன் வரக்கூடாது, இது என் நிபந்தனை என்றேன். சிலுவையின் மேல் கையடித்துச் சத்தியம் செய்தார். உப்புப் பானையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடிவிட்டானாமா?"

"அப்படித்தான் சொன்னான்."

"நான் மூடியிருக்கணும்," என்றார்.

மர்சலின் போலீசுக்குச் சொல்லச் சொன்னாள். பழைய கேஸ், கோப்பே இருக்காது என்றேன். ஐஸ் கொட்டகைக் கேஸ் பழசு இல்லையே என்றாள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்றேன். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள்.

நவம்பர் 8, வெள்ளி

வேனில் கித்தேரி, டிரைவர், நான். கித்தேரி மடியில் புது வெள்ளைத்துணியும் தைலக்குப்பியும். தொண்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். கொஞ்ச தூரம் பின்னால் ஒரு பைக்கும் நின்றது. இந்தச் சாலையில் பைக்குகள் நிறைய.

நவம்பர் 9, சனி

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில்.

இருதயம் கல்லறைத் தோட்டத்தில் தனியாக இருந்தான். கித்தேரியைப் பார்த்ததும் கும்பிட்டான். அவன் சிலுவையைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டினான். மண்பானை. வாய் தார்ப்பாயால் கட்டப்பட்டிருந்தது. உப்பு இறுகிக் கல்லாகியிருந்ததால் பானையை உடைக்க வேண்டியிருந்தது. கல்லால் ஓரத்தில் தட்டி உடைத்தான், முட்டையை உடைப்பதுபோல மெதுவாக.

கித்தேரி தரையில் உட்கார்ந்து உப்பைத் தன் விரலால் உதிர்த்தார். தோல் சில இடங்களில் இருந்தது, பழுப்பாக. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அதைத் தொட்டுப் பார்த்தார். "அவருதான்," என்றார். தைலம் பூசினார்.

"சாகும்போது என்னமும் சொன்னாரா?" என்று கேட்டார். இருதயத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"ஒம் பேரச் சொன்னான்."

அது உண்மையா, அவருக்காகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது.

அப்போது ரோஷன் சுவர் ஏறிக் குதித்தான். அரிவாள் வைத்திருந்தான். கித்தேரி திரும்பிப் பார்த்து, "ஒன்ன வரக்கூடாதுன்னு சொன்னேன்லா," என்றார். ஆனால் அவர் குரலில் ஆச்சரியம் இல்லை.

இருதயம் முழங்காலில் உட்கார்ந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "வெட்டு மக்கா. அம்மையை அங்கிட்டுத் திரும்பச் சொல்லு."

ரோஷன் அவன் முடியைப் பிடித்துத் தலையை முன்னால் இழுத்தான். அரிவாளை ஓங்கினான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

"ஏல," என்றார் கித்தேரி. சத்தமாக அல்ல. "மொதல்ல ஒங்கப்பன வாங்கு. அப்புறம் என்னமும் செய்யி."

அவன் தகப்பனைப் பார்த்ததே இல்லை. போட்டோவாவது இருந்ததோ என்னவோ. நின்றான். கை இறங்கியது. இருதயத்தின் முடியை விட்டான். அரிவாளை மணலில் குத்தி நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். கித்தேரி துணியோடு அதை அவன் கையில் வைத்தார். அவன் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தான். ரோஷனின் வாய் திறந்திருந்தது. தகப்பனின் பல் இடைவெளி அவனுக்கும் இருந்தது. அவன் வெட்ட மாட்டான் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

பவுலின் எனக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். நான் கத்தியதைக் கேட்டு வந்திருக்க வேண்டும். அவள் கண்டது முழங்காலிட்ட தகப்பனையும் மணலில் நின்ற அரிவாளையும்தான். "எங்கப்பாவ விடுடா," என்றாள். மீன் கீறும் கத்தி. முதுகில், விலா எலும்புக்குக் கீழே. உருவி மறுபடி. உருவி மறுபடி. ரோஷன் தகப்பன் தலையைக் கீழே போட்டிருந்தால் தடுக்க ஒரு கை மிஞ்சியிருக்கும். போடவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடியே குப்புற விழுந்தான்.

இருதயம் தன் வேட்டியைக் கிழித்து அவன் முதுகில் அழுத்தினான். இரத்தம் அவன் விரல்களுக்கு இடையில் கொப்பளித்தது. கித்தேரி அவன் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தார். அவன் வேறிடத்தில் வைத்தான். அதையும் தள்ளினார். பையன் இரண்டு முறை இருமினான். அப்புறம் இருமவில்லை.

"ஓடு மக்கா!" என்று இருதயம் மகளைப் பார்த்துக் கத்தினான். அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓடு!" கழிமுகத்துப் பக்கம் ஓடினாள். வள்ளம் தள்ளும் சத்தம் கேட்டது.

நான் ஒன்றும் செய்யவில்லை. அருகில் நின்று பார்த்தேன். எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

வாக்குமூலம். இன்ஸ்பெக்டர், "நீங்க எதுக்கு சார் இதுல வந்தீங்க?" என்று கேட்டார். வம்சாவளி என்றேன். எழுதுகிறவர் அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டார்.

இருதயம் ரிமாண்டில். தலை தடயப்பொருள். ஆய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 12, செவ்வாய்

புன்னைத்துறையில் ரோஷனின் அடக்கம். போகவில்லை. தகப்பன் குழியைத் திறந்து அதன் மேலேயே வைத்தார்கள் என்று தொபியாஸ் சொன்னார். குழி தோண்டும்போது மெழுகுத் தலை அப்படியே இருந்ததாம். மூக்கு கூடக் கரையவில்லை. "கித்தேரி அத எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப அங்கயே வச்சிட்டா வே. வேற என்ன செய்ய?"

கரையில் ஓலைக்கத்தைகள் சேர்க்கிறார்களாம். எரிப்பதற்குத் தெசேரா வீடு எதுவும் ஊரில் மிச்சமில்லை. அதனால் சிலுவைப்பிச்சையின் சித்தப்பா வீட்டைப் பேசுகிறார்கள். போலீஸ் காவல் போட்டிருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

சித்தப்பா வீடு எரிந்தது. உள்ளே ஆள் இல்லை. ஒரு ஆடு.

நவம்பர் 21, வியாழன்

கித்தேரி வந்தார். மர்சலின் கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கித்தேரி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். கைகளில் மாவு இல்லை. பேக்கரியை மூடிவிட்டாராம்.

"போலீசு அவளத் தேடுதான். கிடைக்கமாட்டா. அவனுவளுக்குத் தேடத் தெரியாது. ஒமக்குத் தெரியும்."

"வேண்டாம்மா. போதும்."

"நீருதான அவள மொதல்ல பாத்தீரு. சிரிச்சுப் பேசுனாளாமே. என்ன பேரு வச்சிருப்பா இப்ப? தெசேராவா, திசைராஜா?"

"எனக்குத் தெரியாது."

"அவ பொம்பளப் பிள்ள அண்ணாச்சி. எங்கயாவது ஒரு கோயில்ல ஒருத்தனக் கட்டிக்கிட்டா பேரு மாறிரும். அப்புறம் அந்த வழியே அத்துப் போவும். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "அதுக்கு முன்ன கண்டுபிடிக்கணும்."

முடியாது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் போனபின் மர்சலின் வந்து, "என்ன சொன்னிய?" என்றாள். அதையே சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து தன் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மர்சலின் எங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. இப்போது வாடைக்காற்று. வள்ளத்தில் தனியாகப் போன பெண் வடக்கே போயிருக்க முடியாது, தெற்கே இறங்கியிருப்பாள். கோடிக்கரைக்கும் தொண்டிக்கும் நடுவில் பங்குகள் அதிகம் இல்லை. நாளை காலை பஸ்ஸில் போகிறேன். அந்தப் பிள்ளையை எச்சரிக்கத்தான். குடை, சர்க்கரை மாத்திரை, பேனா இரண்டு.